1950-ல் எம்.பி., முதல் மக்களவைப் பட்டியலில் பெயர் இல்லை: தாத்தாவை எங்கே தேடுவது?

கேள்வி: என் தாத்தா 1950-லிருந்து இரண்டு வருடம் டெல்லியில் எம்.பி.யாக இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் முதல் மக்களவைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அரசியல் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் பட்டியலிலும் இல்லை. குடும்ப வரலாற்றில் 'நாடாளுமன்ற உறுப்பினர்' என்று போடலாமா?
– ஒரு வாசகி, மதுரை

ஆவணம் கிடைத்துவிட்டால் தாராளமாகப் போடலாம். இரண்டு பட்டியலிலும் இல்லை என்பதற்காக வீட்டில் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மூன்றாவது ஒரு அவையை.

முதல் மக்களவை கூடியது 1952 மே 13-ம் தேதிதான். குடியரசானது 1950 ஜனவரி 26. இடைப்பட்ட காலத்துக்கு, சாசனத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையே தற்காலிக நாடாளுமன்றமாக இருக்கும் என்று சாசனத்தின் 379-வது பிரிவு சொன்னது. ஒரே அவை, மாநிலங்களவை அப்போது கிடையாது. மாவலங்கர் சபாநாயகர், அனந்தசயனம் ஐயங்கார் துணை சபாநாயகர். இன்றைய சாசனப் புத்தகத்தைப் புரட்டினால் 379 முதல் 391 வரை 'நீக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கும். வேலை முடிந்த பிரிவுகள் என்று 1956-ல் ஏழாவது திருத்தம் எடுத்துவிட்டது. சட்டம் படித்தவர்களே இந்த அவையை மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கையெழுத்துப் பட்டியலில் ஏன் இல்லை? அதே 379-வது பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. மாகாண சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர்களின் டெல்லி இடம், சாசனம் அமலுக்கு வந்த அன்றே காலியாகிவிடும். கையெழுத்து நடந்தது ஜனவரி 24-ல். இரண்டு நாள் கழித்துப் பல இடங்கள் காலியாயின. அவற்றுக்குப் புதியவர்கள் வந்தார்கள். உங்கள் தாத்தா அப்படி வந்தவராக இருக்கலாம் என்பது என் ஊகம்.

'தற்காலிக' என்ற அடைமொழியைப் பார்த்து இது ஒப்புக்கு இருந்த சபை என்று நினைக்க வேண்டாம். நாடாளுமன்றத்தின் முழு அதிகாரமும் அதற்கு இருந்தது. சாதி, மத வாரியாகக் கல்லூரி இடங்களைப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பதிலடியாக, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழிவிடும் 15(4)-ஐச் சாசனத்தில் சேர்த்த முதல் திருத்தத்தை நிறைவேற்றியது இந்த அவைதான். திருத்தம் செய்ய இரண்டு அவைகள் வேண்டும், ஒற்றை அவைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று, அந்தத் திருத்தத்தை எதிர்த்த சங்கரி பிரசாத் வழக்கில் வாதாடினார்கள். உச்ச நீதிமன்ற நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதிய தீர்ப்பு, 1951 அக்டோபரில், அதை ஏற்கவில்லை. இன்றும் தேர்தல் நடக்கிற 1950, 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டங்களும் இங்கே பிறந்தவையே. மக்கள் நேரடியாக ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்காத அவை இவ்வளவு பெரிய மாற்றங்களைச் செய்யலாமா என்று அன்றே கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். ஆனால் உறுப்பினர்களின் சட்டத் தகுதியில் குறை இல்லை.

இனி தேடும் வேலை. நாடாளுமன்ற மின்னூலகத்தில் 1950 முதல் 1952 வரையிலான விவாதத் தொகுதிகளை எடுங்கள். அரசியல் நிர்ணய சபை விவாதங்கள் வேறு வரிசை, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு ஆண்டும் இரண்டு பகுதி: கேள்வி பதில் தனி, மற்ற நடவடிக்கைகள் தனி. இரண்டையும் பாருங்கள். பேசுபவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் தொகுதி இருக்காது, 'மதராஸ்' என்று மாநிலம்தான் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக்காரர் என்றால் திருவிதாங்கூர்-கொச்சியில் தேடுங்கள். ஆங்கிலத்தில் அச்சானவை என்பதால் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறலாம். இனிஷியலை வைத்தும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

பெயர் கிடைத்ததும் நூலில் 'உறுப்பினர், தற்காலிக நாடாளுமன்றம் (சென்னை மாநிலம்)' என்று போட்டு, அவர் இருந்த ஆண்டுகளையும் சேருங்கள். தொகுதிப் பெயர் எழுத வேண்டாம். அப்புறம், அவர் எழுப்பிய கேள்வி ஏதாவது கண்ணில் பட்டால் அந்தப் பக்கத்தையும் அப்படியே நூலில் சேர்த்துவிடுங்கள்.