ரூபால்ஸ் டிராக் ரேஸ்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பெரும்பாலும் பெண் வேடமிட்டு மேடையேறும் 'டிராக்' கலைஞர்கள் கிரீடத்துக்கும் பரிசுப்பணத்துக்கும் மோதும் அமெரிக்க ரியாலிட்டி போட்டி இது. நடத்துபவர் ரூபால், அவரும் டிராக் கலைஞர்தான்.

கேள்வி: நான் இதுவரை ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை. முதல் சீசனிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். 2009இல் லோகோ சேனலில் வந்த முதல் சீசன், கேமராவில் வாஸ்லின் தடவியதுபோல மங்கலாக இருக்கும். ரசிகர்கள் இன்றும் அதைக் கிண்டலடிக்கிறார்கள். பரிசும் 20,000 டாலர்தான். 5ஆம் சீசனில் தொடங்குங்கள். ஜிங்க்ஸ் மான்சூன் என்ற நகைச்சுவைக்காரரை மற்றவர்கள் மட்டம் தட்டிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் கிரீடம் அவருக்குத்தான். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபப்படாதீர்கள், அது 2013இலேயே ஒளிபரப்பாகிவிட்டது.

கேள்வி: ரன்வேயில் (நடுவர்கள் முன் நடந்து காட்டும் மேடையில்) போடும் உடைகளை நிகழ்ச்சிக்காரர்களே தருகிறார்களா?

இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். தேர்வானவர்கள் கையில் ரன்வே தலைப்புகளின் பட்டியல் வரும். அதற்கான உடை, விக், செருப்பு, நகை எல்லாம் சொந்தச் செலவு. போட்டியிலேயே தைக்கச் சொல்லும் சவால்கள் வேறு. கடன் வாங்கித் தையற்காரருக்கும் விக் செய்பவருக்கும் கொடுத்துவிட்டு வருபவர்கள் உண்டு. முதல் வாரமே வெளியேறினால் மீதி உடைகள் பெட்டியோடு திரும்பிவிடும். அவற்றைப் போட்டு இன்ஸ்டாகிராமில் படம் வெளியிடுவது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது.

நிகழ்ச்சிமேல் எனக்கிருக்கும் பெரிய குறையும் இதுதான். முன்பு சாதாரண உடையில் வந்தாலும் சிரிக்கவைத்தே பல வாரம் தாக்குப்பிடிக்கலாம். இப்போது டிசைனர் உடைகளைப் பார்த்துப் பார்த்து நடுவர்களின் கண் பழகிவிட்டது. பண வசதி இல்லாதவர் பாதி தோற்றுத்தான் உள்ளே வருகிறார். அதனால்தான் தானே தைக்கத் தெரிந்த நிம்ஃபியா விண்ட் 2024இல் 16ஆம் சீசனை வென்றபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். தைவான் வம்சாவளி. வென்ற கையோடு தைவான் போய், அப்போதைய அதிபர் சாய் இங்-வென் முன்னிலையில் அதிபர் மாளிகையிலேயே ஆடினார்!

கேள்வி: 'ரீடிங்' சவாலில் இப்படி அவமானப்படுத்திக்கொள்கிறார்களே, மனம் புண்படாதா?

புண்படும்படி பேசினால் அது ரீடிங்கே இல்லை. எதிரில் இருப்பவரிடம் உள்ள ஒன்றைச் சரியாகப் பிடித்து, அவரே சிரிக்கும்படி சொல்ல வேண்டும். வெறும் திட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

இது ரூபால் கண்டுபிடித்ததும் இல்லை. நியூயார்க்கில், குறிப்பாக ஹார்லெமில், கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும் வளர்த்த பால்ரூம் பண்பாட்டிலிருந்து, அதாவது அலங்கரித்து நடந்தும் ஆடியும் போட்டியிடும் விழாக்களிலிருந்து வந்தது. 1967இல் ஒரு டிராக் அழகுப்போட்டியில், முடிவு நியாயமில்லை என்று கிரிஸ்டல் லபேஜா என்ற கறுப்பினக் கலைஞர் பொங்கி எழுந்து மேடையை விட்டு இறங்கினார். பிறகு அவர் உருவாக்கியதுதான் 'ஹவுஸ் ஆஃப் லபேஜா'. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளுக்கு ஹவுஸ்தான் குடும்பம், அதன் 'மதர்'தான் அம்மா. கையில் காசில்லாமலேயே ராணியாக நடந்து காட்டிய கூட்டம் அது. மேலே நான் உடைச் செலவைப் பற்றிப் புலம்பியதற்குக் காரணம் இப்போது புரியும்.

கேள்வி: திருநங்கைகள் போட்டியிடலாமா?

தாராளமாக. டிராக் என்பது மேடைக்கலை, திருநங்கை என்பது ஒருவரின் அடையாளம். ஒருவரிடம் இரண்டும் இருக்கலாம். 2018இல் ரூபால் ஒரு பேட்டியில் இது பற்றிக் குதர்க்கமாகப் பேசி, எதிர்ப்பு கிளம்பியதும் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் 2021இல் கைலி சோனிக் லவ், பழைய போட்டியாளர்கள் திரும்பி வந்து மோதும் ஆல் ஸ்டார்ஸில் வென்றார். 2023இல் சாஷா கோல்பி 2,00,000 டாலரோடு 15ஆம் சீசனின் கிரீடத்தை வாங்கினார். 13ஆம் சீசனில் வந்த காட்மிக் ஒரு திருநம்பி.

கேள்வி: வெற்றியாளர் பெயர் முன்கூட்டியே கசிந்துவிடாதா?

பல சீசன்களில் இறுதிச்சுற்றுக்கு வந்த ஒவ்வொருவரும் வென்றதுபோலத் தனித்தனியாகப் படம்பிடித்து வைத்தார்கள். எது உண்மை என்பது ஒளிபரப்பில்தான் போட்டியாளருக்கே தெரியும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த லிப் சிங்க் எது?

ஓடும் பாட்டுக்கு உதடசைத்து ஆடி மோதுவதுதான் லிப் சிங்க். வேறெது, 9ஆம் சீசன் இறுதிச்சுற்றுதான். அந்த சீசன் முழுக்கச் சவால்களை அள்ளியவர் ஷே கூலே. பழைய முறை என்றால் கிரீடம் அவருக்குப் போயிருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் இறுதிச்சுற்றை லிப் சிங்க்கால் முடிவுசெய்வது என்று அந்தத் தடவைதான் மாற்றினார்கள். விட்னி ஹூஸ்டன் பாட்டு ஓடுகிறது. சாஷா வெலூர் கையுறையைக் கழற்ற, ரோஜா இதழ்கள் கொட்டுகின்றன. கூட்டம் அலறுகிறது. பிறகு விக்கைத் தூக்குகிறார், இன்னும் ஒரு மழை. ஷேவுக்கு அங்கேயே கதை முடிந்துவிட்டது. இதில் ஒரு கெடுதலும் நடந்தது. அதற்குப் பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் விக்குக்கு அடியில் எதையாவது ஒளித்துக்கொண்டே வருகிறார்கள். போதும், விடுங்கப்பா.

கேள்வி: இந்திய வம்சாவளியில் யாராவது வென்றிருக்கிறார்களா?

பிரியங்கா. கனடா பதிப்பின் முதல் சீசன், 2020. கயானாவில் வேர்கொண்ட இந்திய வம்சாவளிக் குடும்பம். அதற்கு முன்பு குழந்தைகள் சேனலில் தொகுப்பாளராக இருந்தவர் என்பதால் கேமரா முன்னால் பயமே கிடையாது. 5ஆம் சீசனை முடித்ததும் நேரே இதற்கு வாருங்கள்.