படகடியில் இறகுக் கொத்து

கேள்வி: உப்பனாற்றில் கட்டிக்கிடக்கும் ஃபைபர் படகின் அடியில் வெள்ளைக் குழாய்கள். தண்ணீருக்குள் இறகு விரிகிறது, தொட்டால் மறைகிறது. செடியா, பூச்சியா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டுமில்லை, மண்புழுவுக்கு உறவான வளைதசைப் புழு. குழாய் கெட்டிச் சுண்ணாம்பு என்பதால் செர்புலிடே குடும்பம். மணலையும் சேற்றையும் சளியில் குழைத்துக் கட்டிய மெத்தென்ற குழாயானால் சபெல்லிடே. சந்தேகமிருந்தால் மூடியைத் தேடுங்கள்: செர்புலிடேக்களில் பெரும்பாலானவற்றுக்கு இறகின் ஓர் இழை தடித்து மூடியாகியிருக்கும், புழு உள்ளிழுத்ததும் குழாய் வாயை அடைக்கும். சபெல்லிடேக்கு அது கிடையாது.

இறகுதான் செவுள், இரை பிடிப்பதும் அதுவே. நுண்ணிய துகள் வாய்க்குப் போகும், பெரியது வெளியே தள்ளப்படும்.

சுரண்டும்போது கையுறை போடுங்கள், விளிம்பு கிழிக்கும். சுண்ணாம்புத் தடம் மிஞ்சினால் பெயின்ட் சரியாகப் பிடிக்காது; உப்புத்தாளால் தேய்த்தெடுங்கள்.