ஓசிடி பரம்பரையா, மூளைக் கோளாறா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அப்பாவுக்குப் பல வருடமாக ஓசிடி. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். எனக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் வருமா?

வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்யவைக்கும் நோய்தான் ஓசிடி. அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் வராமலே போகும் வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. 2000-இல் அமெரிக்காவில் வெளியான குடும்ப ஆய்வு ஒன்றில், ஓசிடி உள்ளவர்களின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 11.7 சதவீதம் பேருக்கு அது இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த குடும்பங்களில் 2.7 சதவீதம். அதாவது நெருங்கிய ரத்த உறவிலேயே நூற்றில் 88 பேருக்கு வரவில்லை. இந்தக் கணக்கும் அப்பாவின் மகனான உங்களுக்கு உரியது. பிள்ளைகள் இன்னொரு தலைமுறை தள்ளி. உங்களுக்கு ஓசிடி இல்லையென்றால் அவர்களுக்கான கூடுதல் வாய்ப்பு இன்னும் குறைகிறது.

அப்பாவுக்கு எந்த வயதில் தொடங்கியது என்று விசாரியுங்கள். சிறுவயதில் தொடங்கும் ஓசிடியில் மரபின் பங்கு அதிகம். இரட்டையர் ஆய்வுகளில் அந்தப் பங்கு சிறுவர்களிடம் 45 முதல் 65 சதவீதம், பெரியவர்களிடம் 27 முதல் 47 சதவீதம். ஆனால் '50 சதவீதம் மரபு' என்றால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு என்று பொருளில்லை. மக்களிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணுக்களால் வருகிறது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்கிறது. பலரும் இங்கேதான் தடுமாறி வீணாகப் பயப்படுகிறார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட இதில் ஒரு காரணமும் இல்லை.

ரத்தம் கொடுத்தால் ஓசிடி மரபணு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாமே?

முடியாது. பணத்தை அதில் போடாதீர்கள். 2025-இல் வெளியான மிகப்பெரிய ஆய்வு, ஓசிடி உள்ள 53,660 பேரை 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டது. மரபணுத் தொகுப்பில் 30 இடங்கள் தொடர்புடையவை என்று தெரிந்தது. ஒவ்வொன்றின் விளைவும் மிகச் சிறியது. இப்படிப் பரவலாகக் காணப்படும் சிறு மாற்றங்களையெல்லாம் கூட்டினாலும் ஓசிடி வருவதில் மக்களிடையே உள்ள வேறுபாட்டில் விளக்க முடிவது ஏறத்தாழ 7 சதவீதம்தான். தனியொருவருக்கு வருமா வராதா என்று சொல்ல இது போதவே போதாது.

இந்த ஆய்வின் பயன் வேறு. மனக்கலக்கம், மனச்சோர்வு, பட்டினி கிடக்கும் உணவுக் கோளாறு, டூரெட் எனும் தசைத்துடிப்பு நோய் ஆகியவற்றோடு ஓசிடி மரபணுக்களைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் டாக்டர் குடும்ப வரலாறு கேட்டால் இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். முகத்துடிப்பு, தோள் வெட்டிழுப்பு உள்ளவர்களுக்கு மருந்துத் தேர்வே மாறலாம்.

எம்ஆர்ஐ நார்மல். அப்படியானால் இது எப்படி மூளைக் கோளாறு? வீட்டில் 'எல்லாம் மனசு' என்கிறார்கள்.

எம்ஆர்ஐ காட்டுவது மூளையின் வடிவத்தை. ஓசிடியில் சிக்கல் பகுதிகளுக்கு இடையே செய்தி ஓடும் விதத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தால் சிறு வேறுபாடுகள் தெரிகின்றன. ஒரே ஒருவரின் படத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கினாலோ, வலிப்பு, நடை தடுமாற்றம் போன்றவை கூடவே இருந்தாலோ ஸ்கேன் அவசியம்.

கண்ணுக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி 'இதில் ஆபத்து இருக்கலாம்' என்று எடைபோடுகிறது. அதற்குச் சற்று உள்ளே நடுக்கோட்டில் உள்ள பகுதி 'ஏதோ தப்பு' என்று எச்சரிக்கிறது. இந்தச் செய்தி ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டத்துக்குப் போய், செய்திகளைக் கடத்தும் தலாமஸ் வழியாக மீண்டும் முன்மூளைக்கே திரும்புகிறது. இதுதான் ஓசிடியோடு தொடர்புடைய மூளைச் சுற்று. ஸ்ட்ரையேட்டத்தில் இரண்டு பாதைகள்: ஒன்று தலாமஸைத் திறந்துவிடும், மற்றொன்று அடக்கிவைக்கும். ஓசிடியில் திறந்துவிடும் பாதை ஓங்கிவிடுகிறது என்பதே இன்றைய முதன்மையான விளக்கம். அதனால்தான் கேஸ் ரெகுலேட்டரை மூடியது கண்ணுக்குத் தெரிந்தாலும் 'முடிந்தது' என்ற உணர்வு வருவதில்லை. அறிவில் குறையில்லை, போதும் என்று நிறுத்தும் சமிக்ஞைதான் எடுபடவில்லை. இதை வீட்டில் உள்ளவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

1987-இல் கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனில், முன்மூளையின் கீழ்ப்பகுதியும் ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதியான காடேட்டும் அளவுக்கு மிஞ்சிக் குளூக்கோஸ் செலவழிப்பதைக் கண்டார்கள். 2013-இல் எலிகளில் இதே சுற்றை ஒளியால் தினம் 5 நிமிடம் தூண்டினார்கள். தூண்டிய அந்த நொடியில் சுத்தம்செய்வது கூடவில்லை. நாளுக்கு நாள் எலிகள் தம்மை நக்கிச் சுத்தம்செய்வது கூடியது. தூண்டலை நிறுத்திய பிறகும் சில நாள் நீடித்தது. திரும்பத் திரும்ப ஓடுவதாலேயே சுற்று வலுப்படுகிறது என்பதற்கு இது நல்ல தடயம்.

ஃப்ளூஆக்ஸெடின் 20 மி.கி. மூன்று வாரமாக. பலனே இல்லை. நிறுத்திவிடலாமா?

நிறுத்தாதீர்கள். ஃப்ளூஆக்ஸெடின் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து. அதற்குப் போதுமான அளவு ஓசிடிக்குப் பெரும்பாலும் போதாது. ஃப்ளூஆக்ஸெடின் 40 முதல் 80 மி.கி., இதே வகை மருந்தான செர்ட்ராலின் 200 மி.கி. வரை டாக்டர் படிப்படியாக ஏற்றுவார். முழு அளவில் 8 முதல் 12 வாரம் போன பிறகுதான் பலன் இல்லை என்று முடிவுகட்ட முடியும். தேறிய பிறகும் குறைந்தது ஒன்றிரண்டு வருடம் தொடர வேண்டும். சட்டென்று விட்டால் தலைசுற்றலும் வரலாம், நோயும் திரும்பலாம். இதே வகையில் ஃப்ளூவாக்ஸமின் என்ற மருந்தை எடுப்பவர்கள் காபியைக் குறையுங்கள். அந்த மருந்து கஃபீன் உடலை விட்டு வெளியேறுவதை மிகவும் மெதுவாக்கிவிடும், படபடப்பும் தூக்கமின்மையும் வரும்.

மூளைச் சுற்றில்தான் கோளாறு என்றால் பயிற்சி சிகிச்சை எதற்கு?

1992-இல் பாக்ஸ்டர் குழு, மருந்து எடுத்தவர்களையும் நடத்தைப் பயிற்சி மட்டும் செய்தவர்களையும் ஸ்கேன் செய்தது. இரு தரப்பிலும் தேறியவர்களுக்குக் காடேட் குளூக்கோஸ் செலவழிக்கும் வேகம் ஒரே மாதிரி குறைந்திருந்தது. அந்தச் சுற்றை மாற்றுகிற சிகிச்சைகளில் பயிற்சியும் ஒன்று.

பயத்தை எதிர்கொண்டு, அதைத் தணிக்கத் திரும்பத் திரும்பச் செய்யும் செயலை, அதாவது சடங்கை, செய்யாமல் இருப்பதே பயிற்சி. பயம் தரும் சூழ்நிலைகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போடுங்கள். 30, 40 உள்ளதில் தொடங்குங்கள். ரெகுலேட்டரை ஒரே முறை மூடிவிட்டு அடுப்படியை விட்டு வெளியே வந்துவிடுங்கள். பதற்றம் ஏறட்டும், அதோடு இருங்கள், திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள். தினமும் செய்யுங்கள். இந்தப் பயிற்சியைத் தந்து பழகிய சிகிச்சையாளரிடம் 12 முதல் 20 அமர்வு வரை தேவைப்படும்.

பயிற்சி பலிக்காமல் போவது பெரும்பாலும் மறைமுகச் சடங்குகளால். மூடியதை மொபைலில் போட்டோ எடுப்பது, மனசுக்குள் எண்ணுவது, மனைவியிடம் 'மூடினேன்ல?' என்று கேட்பது எல்லாம் சடங்குதான். 'மூடிட்டீங்க, வாங்க' என்ற அன்பான பதிலும் அந்தச் சுற்றுக்கே தீனி. முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு, 'இது ஓசிடி கேக்குற கேள்வி, நான் பதில் சொல்லல, கூடவே இருக்கேன்' என்று சொல்லச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாமல், ஒவ்வொன்றாக.

குழந்தை பிறந்து இரண்டு மாதம். கத்தியைப் பார்த்தாலே குழந்தையைக் குத்திவிடுவேனோ என்ற எண்ணம். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எங்களிடம் சொல்லியதே நல்லது. 1978-இல் ராக்மனும் டி சில்வாவும் செய்த ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களிலேயே ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இப்படி வேண்டாத எண்ணங்கள் வருவதாகச் சொன்னார்கள். ஓசிடியில் அந்த எண்ணம் போகாமல் சுழல்கிறது. அது உங்களை அருவருக்க வைக்கிறது, பயமுறுத்துகிறது. இப்படிப் பயப்படுவது ஓசிடியின் அடையாளம். செய்யத் துடிப்பதாக அதற்குப் பொருளில்லை. பால் கொடுக்கும்போதும் எடுக்கக்கூடிய மருந்து உண்டு, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் கட்டணமில்லாத மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம்.

குரல்கள் கட்டளையிட்டாலோ, அப்படிச் செய்வது சரி என்று தோன்றினாலோ, தூக்கமே இல்லாமல் நினைவு குழம்பினாலோ அது வேறு நோய். அன்றைக்கே மருத்துவமனை, குழந்தையோடு தனியாக இருக்க வேண்டாம்.

ஏழு வயதுப் பையன். தொண்டைப்புண் காய்ச்சல் வந்து ஒரு வாரத்தில் திடீரென்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான்.

ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போயிருந்தால் குழந்தை மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கும் உடல், தவறிப்போய் மூளையின் ஆழப்பகுதியையும் தாக்கலாம் என்று 1998-இல் அமெரிக்காவின் சூசன் சுவிடோ குழு விவரித்தது. இது இன்னும் முழுதாக உறுதியாகவில்லை. தொண்டைச் சளியைச் சோதித்துக் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். இந்தக் கிருமிக்கு எதிராக ரத்தத்தில் உருவாகும் ஏ.எஸ்.ஓ. அளவு கூடியிருப்பது மட்டும் ஆதாரமாகாது, பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு அது சும்மாவே கூடியிருக்கும். கிருமி போனாலும் சடங்கு நின்றபாடில்லை என்றால், மேலே சொன்ன பயிற்சியையே வயதுக்கு ஏற்றபடி தொடங்க வேண்டும்.