ரேம் கூட்டியதிலிருந்து லேப்டாப் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸை மறுபடி போடலாமா?

இருந்த 8 ஜிபியோடு இன்னொரு 8 ஜிபி ரேம் போட்டீர்கள், அன்றிலிருந்து நேரங்காலம் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆகிறது, விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட நினைக்கிறீர்கள். தயவுசெய்து இப்போது அதைச் செய்யாதீர்கள். நிறுவும்போது கோப்புகள் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன. ரேமில் ஒரு பிட் (தரவின் மிகச் சிறிய துண்டு) புரண்டாலும் கெட்டுப்போன கோப்பு அப்படியே பதிவாகிவிடலாம். ரீஸ்டார்ட் ஆவதையாவது கண்ணால் பார்க்கிறோம். குடும்பப் படங்களும் படிப்புக் கோப்புகளும் சத்தமில்லாமல் கெட்டால் பல மாதம் கழித்துத்தான் தெரியும். எனக்கு அந்தக் கவலைதான் பெரியது.

முதலில் சார்ஜரைக் கழற்றி, உள்ளே பேட்டரி ஒயரையும் எடுத்துவிட்டு, புதிய ரேமை வெளியே எடுங்கள். பழையதை மட்டும் வைத்து வழக்கம்போல் வேலை பாருங்கள். ரீஸ்டார்ட் நின்றுவிட்டதா? சரி, இப்போது அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போடுங்கள். அப்புறம் அடுத்த ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக. போடும்போது ரேம் ஒருபக்கம் ஏறி ஒருபக்கம் இறங்கி நிற்கக் கூடாது, இரண்டு கொக்கியும் டக்கென்று விழ வேண்டும். வெறும் இதிலேயே தீர்ந்த கேஸ்கள் உண்டு.

ஒவ்வொரு முறையும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச நிரலை பென்டிரைவிலிருந்து ஏற்றி இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். இதற்காக செக்யூர் பூட்டை (கையொப்பமில்லாத நிரல்கள் தொடக்கத்தில் ஏறாமல் தடுக்கும் அமைப்பு) அணைக்க வேண்டி வந்தால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் பிறகு கேட்கக்கூடிய மீட்பு எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

செந்தூலில் என் அக்கா மகளின் லேப்டாப்பில் இரண்டு ரேமும் தனித்தனியே சுத்தமாக ஓடின. சேர்த்தால்தான் தகராறு. வேகம் வேறாக இருந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓட வேண்டும், பெரும்பாலும் ஓடும். ஆனால் தயாரிப்பும் சிப் அமைப்பும் வேறாக இருக்கும்போது சில மதர்போர்டுகள் ஒத்துப்போவதில்லை. மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துப் பார்த்தும் சரியாகாமல், கடைசியில் ஒரே பெட்டியில் வரும் ஜோடி ரேம் வாங்கிப் போட்டோம். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

லேப்டாப் பழையதாக இருந்தால் ஸ்டிக்கரில் வோல்ட்டேஜைப் பாருங்கள். ரேம் வகைகளில் டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்3எல் 1.35 வோல்ட். இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் 1.35 மட்டும் கொடுக்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ரேம் நிலையாக ஓடாது. அதற்கு அடுத்த வகையான டிடிஆர்4 என்றால் பெரும்பாலும் இந்தக் குழப்பம் இல்லை, வழக்கமான அளவு 1.2 வோல்ட்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்ற பிழைப் பதிவைப் பார்த்துவிட்டு சார்ஜரையோ பேட்டரியையோ மாற்றப் போகாதீர்கள். முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதைத் தவிர அந்தப் பதிவு காரணம் எதையும் சொல்வதில்லை. மூடியைத் திறந்தபோது விசிறி ஒயர் கழன்றிருக்கிறதா என்றும் ஒரு முறை பாருங்கள். சூடேறினாலும் இப்படித்தான் அணையும்.

ரேம்தான் காரணம் என்று தெரிந்தால், கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோயாட்டில் வாங்கியிருந்தாலும் வேறெங்கு வாங்கியிருந்தாலும், ரசீதோடு லேப்டாப்பையும் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் பிழை என்றால் குறை போர்டில் இருக்கிறது. உங்கள் மாடல் ஏற்குமானால், நல்ல ஸ்லாட்டில் 16 ஜிபி ரேம் ஒன்றை மட்டும் போட்டு ஓட்டுங்கள். போர்டு மாற்றும் செலவோடு பார்த்தால் அது எவ்வளவோ மேல்.