சிரமப்படும் மாணவரிடம் பேராசிரியர் எப்படிப் பேச்சைத் தொடங்குவது?

"உதவிப் பேராசிரியராகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். 20 மாணவர்களுக்கு என்னை வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள். அவர்களில் யார் சிரமப்படுகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது, என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொறியியல் கல்லூரியில் 14 ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிறேன். நான் செய்த ஒரு தவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன். வருகை குறைந்துகொண்டே வந்தது. 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது எங்கள் நடைமுறை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் அப்பாவை அழைத்துவிட்டேன். அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். செருப்பை ஆசிரியர் அறைக்கு வெளியே கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். ஏழெட்டு ஆசிரியர்கள் காதுபட, "உங்கள் மகன் கல்லூரிக்கு ஒழுங்காக வருவதில்லை" என்றேன். பையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பிறகு மூன்று வாரம் அவன் என்னிடம் பேசவில்லை.

உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அவனுடைய வருகைப் பதிவை முதன்முறையாக நிதானமாகப் பார்த்தேன். ஆடியில் ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஆவணி பிறந்ததும் காலையின் முதல் இரண்டு வகுப்புகள் மட்டும் அங்கங்கே விட்டுப்போயிருந்தன. புரட்டாசியில் மறுபடி ஒழுங்கு. சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தேன். அவன் வராத நாளெல்லாம் முகூர்த்த நாள்.

மறுநாள் ஆய்வகம் காலியான பிறகு அவனை உட்கார வைத்து, "கல்யாண வேலைக்குப் போகிறாயா தம்பி?" என்று கேட்டேன். கண் கலங்கிவிட்டது. முந்தைய நாள் மாலை வரவேற்பில் தொடங்கி மறுநாள் காலைப் பந்தி முடியும்வரை பரிமாறினால் 500 ரூபாய். பஸ் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் அதில்தான். கல்லூரியில் உதவித்தொகை தருகிறார்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறான். அந்த அப்பாவிடம்தான் நான் அத்தனை பேர் காதுபடப் பேசியிருக்கிறேன். இன்றும் நினைத்தால் மனம் ஆறவில்லை.

அவன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன். தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைக்கப்படாததால் பணம் வராமலே இருந்திருக்கிறது. எங்கள் கல்லூரியில் அந்தத் திட்டத்தைக் கவனிக்கும் ஆசிரியரிடம் நானே அழைத்துக்கொண்டு போனேன். "போய்ப் பார்" என்று அனுப்பியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான். பணம் வரத் தொடங்கியதும் சனி, ஞாயிறு முகூர்த்தங்களுக்கு மட்டும் வேலைக்குப் போனான். மாணவிகளுக்கு இதேபோல 2022 முதல் புதுமைப் பெண் திட்டம் இருக்கிறது. உங்கள் 20 பேரில் யாருக்கு வர வேண்டியது வரவில்லை என்று முதல் மாதமே விசாரித்துவிடுங்கள்.

தேர்வில் எத்தனை பாடம் போனது என்பதைவிட, நேற்றுவரை இருந்தது எது மாறியது என்று பாருங்கள். முன் வரிசையில் இருந்தவள் கடைசி பெஞ்சுக்குப் போவது, மதியம் சாப்பிடப் போகாமல் வகுப்பிலேயே இருப்பது. "உனக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை மேடம்" என்றுதான் பதில் வரும். "எத்தனை மணிக்கு பஸ் ஏறுகிறாய்? காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள், பேச்சு வரும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் ஆண்டில் ஆங்கிலத்துக்குப் பயந்தே வாய் திறப்பதில்லை. சந்தேகத்தைத் தமிழில் கேட்கலாம் என்று வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் பேச்சில் தெரிந்தால் அதை மறைத்து வைக்க நமக்கு உரிமை கிடையாது. அதை நேரடியாகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவரைத் தனியே விடாமல் ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம். 100 மாணவர்களுக்குக் குறையாத கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டுதல் வழங்கியிருக்கிறது. உங்கள் கல்லூரியில் யாரும் இல்லையென்றால் துறைத்தலைவரிடம் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தனியாகப் பேச நேரம் எங்கே என்று நினைப்பீர்கள். ஆய்வக வகுப்பு இருந்தால், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க ஒவ்வொருவராக உங்கள் மேசைக்கு வருவார்கள். நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு வைத்திருக்கிறேன். உட்காரச் சொல்லி, கையெழுத்துப் போட்டபடியே இரண்டு நிமிடம் பேசுகிறேன்.