35 வோல்ட்டில் நிற்கும் டிராக் புள்ளி

கேள்வி: 300 நானோமீட்டர் சிலிக்கான் டைஆக்சைடு மேல் கிராஃபீன் என்ற கார்பன் தாளை வைத்து ட்ரான்சிஸ்டர் செய்தோம். மின்தடையின் உச்சம், அதாவது டிராக் புள்ளி, பூஜ்ஜிய வோல்ட்டில் வராமல் +35 வோல்ட்டில் வருகிறது. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்னழுத்தத்தை ஏற்றும்போது வரைபடத்தில் ஒரு கோடு, இறக்கும்போது வேறு கோடு. மின்சுமைகள் எவ்வளவு எளிதாக ஓடுகின்றன என்பதைச் சொல்லும் மொபிலிட்டியும் 2,500தான் (அலகு: சதுர செ.மீ./வோல்ட்-விநாடி). இரண்டு லட்சம் என்று படித்தோமே?

பதில்: கிராஃபீன் மேல் பழி போடாதீர்கள். ஓர் அணு தடிமனுள்ள தாளுக்கு உட்புறம் என்று ஒன்று கிடையாது. மேலே ஒட்டியதும் கீழே கிடப்பதும் நேராக மின்னோட்டத்தில் கை வைக்கும்.

அந்த 35 வோல்ட்டை முதலில் எண்ணிக்கையாக்கிப் பாருங்கள். உங்கள் ஆக்சைடின் மின்தேக்குதிறன் சதுர செ.மீ.க்குச் சுமார் 11.5 நானோஃபாரட். கேட்டில் ஒரு வோல்ட் ஏற்றினால் சதுர செ.மீ.க்கு 7,200 கோடி மின்சுமைகள் தாளில் சேரும். 35 வோல்ட் என்றால் இரண்டரை லட்சம் கோடி. நீங்கள் கேட்டைத் தொடும் முன்பே அத்தனை துளைகள், அதாவது எலெக்ட்ரான் இல்லாத நேர்மின் இடங்கள், அங்கே இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்தவை காற்றின் ஈரமும் ஆக்சிஜனும். தாளை இடம் மாற்றியபோது தங்கிப்போன பிஎம்எம்ஏ என்ற பிளாஸ்டிக் பிசினுக்கும் இதில் பங்கு உண்டு. கோடு இரண்டாகப் பிரிவதற்கும் பெரும்பாலும் ஈரம்தான் காரணம். ஆக்சைடு மேல் ஒட்டிய நீர், மின்சுமையைப் பிடித்து வைத்துக்கொண்டு மெதுவாக விடுகிறது. கேட்டை ஏற்றி இறக்கும் வேகத்தைப் பாதியாக்கிப் பாருங்கள். கோடுகளின் இடைவெளி மாறினால் சந்தேகம் உறுதி.

வெற்றிடக் கலத்தில் 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வைத்து, ஆறியதும் கலத்தைத் திறக்காமலே அளவிடுங்கள். பிசினைப் போக்க ஆர்கான்–ஹைட்ரஜன் ஓட்டத்தில் 300 முதல் 350 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் சுடலாம். ஆனால் சூட்டில் தாள் ஆக்சைடோடு இன்னும் நெருங்கி ஒட்டும். பிறகு காற்றில் வைத்தால், சுடாமல் இருந்ததைவிடவும் அதிகத் துளைகள் ஏறிக்கொள்ளும். பலர் வழுக்கும் இடம் இது.

மொபிலிட்டியை இரண்டு முனைகளில் அளந்தீர்களா? கால்வாயின், அதாவது மின்சாரம் ஓடும் கிராஃபீன் பகுதியின், தடை 500 ஓம், ஒவ்வொரு உலோக கான்டாக்டும் 1,000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் 2,500 ஓம் காட்டும். அதில் கேட் முக்கியமாக மாற்றுவது அந்த 500-ஐத்தான். கோட்டின் சரிவு படுத்துவிடும், மொபிலிட்டியும் கூடவே படுக்கும். நான்கு முனை வையுங்கள்: வெளி இரண்டில் 100 நானோஆம்பியர் செலுத்தி, உள் இரண்டில் மின்னழுத்தம் பாருங்கள். ஒரே அதிர்வெண்ணின் சிக்னலை மட்டும் பிரித்தெடுக்கும் லாக்-இன் கருவியை 17 ஹெர்ட்ஸில் ஓட்டினால் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் குறுக்கே வராது. கேட் கசிவு ஒரு நானோஆம்பியரைத் தாண்டினால் அந்தச் சில்லை ஒதுக்கிவிடுங்கள்.

நீங்கள் படித்த இரண்டு லட்சம், 2008-இல் அந்தரத்தில் தொங்கவிட்ட தாளைக் கடுங்குளிரில் அளந்தது. ஆக்சைடு மேல் 10,000 வந்தாலே நல்ல சாம்பிள். எவ்வளவு சுத்தம் செய்தாலும், அறை வெப்பத்தில் ஆக்சைடின் அதிர்வுகள் சுமார் 40,000-க்கு மேல் விடாது. அதனால்தான் 2010-இலிருந்து ஆக்சைடுக்குப் பதிலாகப் போரான் நைட்ரைடு படுக்கைக்கு மவுசு.

கேள்வி: இவ்வளவு வேகமான கிராஃபீன் ஏன் கணினிச் சில்லுக்குள் போகவில்லை?

பதில்: அணைக்க முடியாது. எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளி இல்லாததால், டிராக் புள்ளியிலும் சதுரத்துக்குச் சில கிலோஓம் தடையோடு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மூடினாலும் ஒழுகும் குழாய். திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் பத்து மடங்கு வித்தியாசம் வந்தாலே அதிகம். லாஜிக் சில்லுக்குக் குறைந்தது பத்தாயிரம் மடங்கு வேண்டும். மேலிருந்து பார்த்தால் அதே தேன்கூடாகத் தெரியும் மாலிப்டினம் டைசல்பைடு ஒற்றை அடுக்குக்குச் சுமார் 1.8 எலெக்ட்ரான்வோல்ட் இடைவெளி உண்டு. சுவிட்சர்லாந்தின் லோசானில் 2011-இல் அது பத்து கோடி மடங்கு காட்டியது. மொபிலிட்டியில்தான் கிராஃபீனின் பக்கத்தில்கூட வராது.

கேள்வி: நுண்ணூசியால் உயரத்தை அளக்கும் ஏஎஃப்எம்மில் எங்கள் தாள் 0.9 நானோமீட்டர் உயரம் காட்டுகிறது. மூன்று அடுக்கா?

பதில்: அவசரம் வேண்டாம். அடுக்குக்கு 0.335 நானோமீட்டர் என்ற கணக்கு கிராஃபைட்டுக்குள் சரி. ஆக்சைடு மேல் ஒற்றை அடுக்கே, அடியில் சிக்கிய நீரால், 0.9 காட்டும். திருச்சிக்காரர் சி.வி. ராமன் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலையே கேளுங்கள். அந்த நிறமாலையில் (எண்கள் செ.மீ.⁻¹ அலகில்) 2,700-ஐ ஒட்டிய 2டி உச்சம் ஒற்றையாய், ஒடுங்கி, 1,580-இல் உள்ள ஜி உச்சத்தைப்போல் இரு மடங்கு உயர்ந்தால் ஓர் அடுக்கு. 1,350-இல் மேடு தெரிந்தால் தாளில் குறைபாடு. தாமிரத்தில் வளர்த்த தாளானால் மைக்ராஸ்கோப்பில் நிற அடர்த்தியையும் ஒப்பிடுங்கள். ஒன்றின்மேல் ஒன்று திருகிக் கிடக்கும் இரட்டை அடுக்கும் இதேபோல் ஒற்றை உச்சம் காட்டி ஏமாற்றும்.