மாற்றுத்திறனுள்ள குழந்தையைப் பள்ளி மறுக்கலாமா?

மாற்றுத்திறனுள்ள குழந்தையைச் சேர்க்கப் பள்ளி மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவில் அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி மறுக்கவே கூடாது. ஆனால் சட்டம் இந்த இடத்துக்கு வருவதற்குள் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 18 வயதுவரை இலவசக் கல்வி என்றது. பொதுப் பள்ளியில் சேர்ப்பதற்கோ அரசு முயல வேண்டும் என்பதோடு நின்றுகொண்டது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தும், தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 சதவீத இலவச இடங்களுக்குள் மாற்றுத்திறனுள்ள குழந்தைகள் வந்தது 2012 திருத்தத்தால்தான்.

பெரிய மாற்றம் 2016இல், புதிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தால் நேர்ந்தது. குறைபாட்டு வகைகள் 7இலிருந்து 21 ஆயின. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் அதில் உண்டு. பாகுபாடின்றிச் சேர்ப்பது பள்ளியின் கடமையானது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ விருப்பப்படி இலவசமாகப் படிக்கலாம்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் தயங்காமல் புகார் கொடுங்கள்.